பழைய காரின் கெட்டலிட்டிக் கன்வேட்டர்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். நடுவில் நம் பக்கத்தில் காரை மாற்றியவர்கள் குறைவு. இருந்ததையே தட்டிக்கொட்டி ஓட்டினோம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஜப்பானில் செய்யப்பட்டு ரீகண்டிஷனாக வந்திறங்கிய சன்னி, கொரோலா, ஸ்டார்லெட், லான்சர் எல்லாம் இன்னமும் ஹற்றன், பண்டாரவளை, நுவரெலியா ஏற்றங்களில் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் அடியில் தொங்கும் கன்வேட்டர் என்ற தகரப் பெட்டியைப் பற்றி கராஜ் வாசலிலும் பெற்றோல் செட்டிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. பெற்றோல் கார்களைப் பற்றியே பேசுகிறேன். டீசலுக்கு ஒரு கேள்வி மட்டும் ஒதுக்கியிருக்கிறேன்.

அது சைலன்சர்தானே? ஏன் தனிப் பெயர்?

இல்லை. எஞ்சினிலிருந்து பின்னால் வந்தால் முதலில் சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் மெனிஃபோல்ட், அடுத்து முன் பைப், அதில் ஒட்சிசன் சென்சர், பிறகு கன்வேட்டர், அதற்கும் பின்னால்தான் சைலன்சர். சைலன்சர் சத்தத்தைக் குறைக்கிறது. கன்வேட்டர் புகையின் நஞ்சைக் குறைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் வீங்கிய தகரம்தான் என்பதால் குழப்பம் வருகிறது. கன்வேட்டருக்கு மேலும் கீழும் பெரும்பாலும் ஒரு வெப்பத் தடுப்புத் தகடு இருக்கும். அதை வைத்து அடையாளம் காணலாம்.

உள்ளே என்ன இருக்கிறது?

தேனடை மாதிரி ஓட்டைகள் நிறைந்த ஒரு சுட்ட மண் கட்டி. ஒரு சதுர அங்குலத்துக்கு 400 துளைகள் வரை இருப்பது சாதாரணம். துளைகளின் சுவரில் அலுமினாவும் சீரியம் ஒட்சைட்டும் கலந்த ஒரு மெல்லிய பூச்சு. அந்தப் பூச்சு சொரசொரப்பானது. விரித்துப் பார்க்க முடிந்தால் ஒரு கால்பந்து மைதானத்துக்குக் குறையாது. அதன்மேல்தான் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் தூவப்பட்டிருக்கின்றன. மூன்றும் சேர்ந்தாலும் சில கிராம்தான். கட்டியைச் சுற்றி ஒரு நார்ப்பாய், அதற்கு வெளியே துருப்பிடிக்காத உருக்குக் கூடு.

அந்தச் சில கிராம் உலோகம் என்ன செய்கிறது?

பாடசாலையில் ஐதரசன் பெரொட்சைட்டில் மங்கனீசீரொட்சைட்டைப் போட்டதும் நுரைத்துக்கொண்டு ஒட்சிசன் வந்தது நினைவிருக்கும். கடைசியில் அந்தக் கறுப்புத் தூள் செலவாகாமல் அப்படியே கிடக்கும். ஊக்கி என்றால் அதுதான். இங்கேயும் உலோகம் எரிவதில்லை, தீர்வதில்லை. தன் மேற்பரப்பில் வாயுக்களைச் சந்திக்க வைத்து மாற்றி அனுப்புகிறது.

எஞ்சினிலிருந்து மூன்று கெட்ட சாமான்கள் வருகின்றன. முதலாவது காபனோரொட்சைட்டு, நிறமும் மணமும் இல்லாமல் ஆளைக் கொல்வது. இரண்டாவது எரியாமல் தப்பிய பெற்றோல், அதாவது ஐதரோகாபன். மூன்றாவது நைதரசன் ஒட்சைட்டுகள். முதல் இரண்டையும் பிளாற்றினமும் பலேடியமும் ஒட்சிசனோடு சேர்த்துக் காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் மாற்றுகின்றன. மூன்றாவதிலிருந்து ரோடியம் ஒட்சிசனைப் பிடுங்கி வெறும் நைதரசனாக விடுகிறது. ஒரு பக்கம் ஒட்சிசன் கொடுக்கும் வேலை, மறுபக்கம் எடுக்கும் வேலை. ஒரே பெட்டிக்குள் இரண்டும் நடக்க வேண்டுமென்றால் எஞ்சின் அனுப்பும் புகை மிகச் சரியான அளவில் இருக்க வேண்டும். கன்வேட்டரைப் பற்றிய தொல்லைகளில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

ஒட்சிசன் சென்சருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பெற்றோல் ஒரு பங்குக்கு நிறையளவில் 14.7 பங்கு காற்று. இந்தக் கணக்குக்கு மிக அருகில் நின்றால்தான் மூன்று மாற்றமும் ஒன்றாக நடக்கும். பெற்றோல் கூடினால் காபனோரொட்சைட்டு தப்பிவிடும், காற்று கூடினால் நைதரசன் ஒட்சைட்டு தப்பிவிடும். முன் பைப்பில் இருக்கும் சென்சர் புகையில் மிஞ்சிய ஒட்சிசனைப் பார்த்து ஏறத்தாழ 0.1 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட் வரை மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருக்கும். எஞ்சினின் கம்பியூட்டர் அதைக் கேட்டுப் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும். இந்த ஊசலாட்டத்தைத் தாங்கத்தான் சீரியம்: ஒட்சிசன் கூடும்போது பிடித்து வைத்துக்கொண்டு, குறையும்போது விட்டுக்கொடுக்கும்.

ஆகவே சென்சர் செத்த காரில் கன்வேட்டரை மட்டும் மாற்றுவது காசைக் கரியாக்கும் வேலை. புதியதும் கொஞ்ச நாளில் அதே கதிதான்.

என் காரில் உண்மையிலேயே இருக்கிறதா?

அமெரிக்காவில் 1975 மொடல்களிலிருந்து பெருவாரியாக வந்தது. ஜப்பானில் 1978இன் கடுமையான புகைச் சட்டத்துக்குப் பிறகு பெற்றோல் கார்களில் வழமையாயிற்று. எனவே ஜப்பான் உள்நாட்டுக்காகச் செய்து இங்கே வந்த எண்பதுகளின் கார் என்றால், பிறந்தபோது இருந்திருக்கும். இப்போது இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

ஏனென்றால் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் முற்றாக நின்றது 2002இல்தான். ஈயம் இந்தப் பூச்சின்மேல் படிந்து அதை மூடிவிடும். பிறகு எத்தனை வருடம் நல்ல பெற்றோல் அடித்தாலும் பழைய நிலைக்கு வராது. அதற்கு முன் இங்கே இறங்கி ஓடிய காரில் கன்வேட்டர் முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே செத்திருக்க இடமுண்டு. இன்னும் பல கார்களில் எப்போதோ ஒரு கராஜில் உள்ளே இருந்ததைக் குடைந்து கொட்டிவிட்டு வெறும் கூட்டை வெல்டிங் வைத்து மாட்டியிருப்பார்கள். கூட்டின் ஓரத்தில் புது வெல்டிங் வரி தெரிந்தால் சந்தேகப்படலாம். சென்சரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் சின்னக் கமெரா விட்டால் தேனடை தெரிகிறதா என்று நேரடியாகப் பார்த்துவிடலாம்.

றம்பொடை ஏற்றத்தில் கார் இழுக்கவில்லை. கன்வேட்டர் அடைத்துவிட்டதா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாத கேள்வியும் இதுவே. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் எவ்வளவு நல்லதானாலும் அந்த அளவுக்கு நெருக்கமாகப் பலத்தை இழக்கும். அடிவாரத்துக் கம்பளையில் மூன்றாம் கியரில் ஏறியது மேலே இரண்டாம் கியரைக் கேட்டால், அது நோய் இல்லை.

அடைத்த கன்வேட்டரின் குணம் வேறு. ஐட்லிங் நன்றாக இருக்கும், தட்டையான ரோட்டில் மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. மிதிக்க மிதிக்கத்தான் மூச்சு முட்டும். ஒரு எல்லைக்கு மேல் ரேஸ் ஏறாது, எஞ்சின் சூடு கூடும், பின் பைப்பில் கையை நீட்டினால் காற்று பலமில்லாமல் வரும். கீழே கம்பளையிலும் இதே கதையென்றால் சந்தேகம் உறுதிப்படுகிறது.

உறுதியாகத் தெரிய வேண்டுமா? சென்சரைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு பிரஷர் மீற்றரைப் பொருத்தச் சொல்லுங்கள். எஞ்சின் சூடான பிறகு நிமிடத்துக்கு 2500 சுற்றில் வைத்துப் பார்த்தால் மூன்று பி.எஸ்.ஐ.க்குள் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் எங்கோ அடைப்பு. அந்த அடைப்பு கன்வேட்டரில்தானா, உள்ளே தகடு கழன்ற சைலன்சரிலா என்பதைக் கன்வேட்டருக்குப் பின்னால் பைப்பைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தால் தெரிந்துவிடும். இது பெரிய வேலை அல்ல. செய்யாமலே "கன்வேட்டர் போய்விட்டது அண்ணே, வெட்டிவிடலாம்" என்று சொல்லும் கராஜில் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வது நல்லது.

காபரேட்டர் காரென்றால் மலையில் என்ன வித்தியாசம்?

நிறைய. கம்பியூட்டர் அளந்து பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்ஷன் கார் காற்றழுத்தத்தையோ காற்றின் அளவையோ பார்த்துப் பெற்றோலைக் குறைத்துக்கொள்ளும். காபரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. காற்று மெலிய மெலிய அது பெற்றோலைக் கொஞ்சம் கூடவே விடும். கொழும்பில் சரியாக டியூன் செய்த காபரேட்டர் நுவரெலியாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடுதல் பெற்றோலோடு ஓடும். ப்ளக் கறுக்கும், புகை நாறும், கன்வேட்டருக்கு அளவுக்கு மீறிய வேலை. சில ஜப்பான் காபரேட்டர்களில் உயரத்துக்கு ஈடுகட்ட ஒரு தனி வால்வு உண்டு. அதன் குழாயை யாரோ கழற்றி ஆணி வைத்து அடைத்திருப்பது இங்கே சர்வசாதாரணம்.

எந்த உயரத்தில் அதிகம் ஓடுகிறதோ அங்கேயே டியூன் பண்ணுங்கள். மலையில் டியூன் பண்ணிய காரைக் கீழே நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால் காற்றுக் கூடி எஞ்சின் தட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இறக்கத்தில் சுவிட்சை நிறுத்தி உருட்டினால் பெற்றோல் மிச்சமாமே?

கினிகத்தேனை இறக்கத்திலும் கடுகண்ணாவையிலும் இதைச் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கன்வேட்டரை விடுங்கள், முதலில் உயிர். எஞ்சின் நின்றால் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளுக்குத்தான் போதும். பிறகு பெடல் கல்லாகிவிடும். சாவியை இன்னும் ஒரு படி திருப்பி எடுத்தால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும்.

இனி கன்வேட்டருக்கு வருவோம். கியரில் வைத்துக்கொண்டே சுவிட்சை நிறுத்தினால் சக்கரம் எஞ்சினைச் சுற்றும். பழைய காபரேட்டர் பெற்றோலை விட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் நெருப்புப் பொறி இல்லை. அத்தனை பச்சைப் பெற்றோலும் புகைக் குழாய்க்குள் சேர்ந்து நிற்கும். வளைவில் சுவிட்சைத் திரும்பப் போட்டதும் டமார் என்று ஒரு வெடி. அந்த வெடியில் தேனடை விரிசல் விடும். வெடிக்காவிட்டாலும் சூடான தேனடையில் அந்தப் பெற்றோல் எரிந்து அதை உருக்கும்.

இன்ஜெக்ஷன் காரென்றால் இந்தச் சாகசத்துக்குக் காரணமே இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கியரில் வைத்து, காலை எடுத்துவிட்டு இறங்கினால் கம்பியூட்டரே பெற்றோலை முழுதாக நிறுத்திவிடும். அந்த நேரத்தில் செலவு பூச்சியம். எஞ்சின் பிரேக்கும் கிடைக்கும்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

அவசரத்துக்கு ஒருமுறை பரவாயில்லை. பற்றரி செத்த காரைத் தினமும் காலையில் மேட்டில் நிறுத்தி உருட்டி எழுப்புவது கூடாது. எஞ்சின் பிடிக்கும்வரை ஒவ்வொரு சுற்றிலும் எரியாத பெற்றோல் கன்வேட்டருக்குள் போகிறது. பற்றரி ஒன்று வாங்குவது மலிவு.

குளிர் காலையில் பின் பைப்பில் தண்ணீர் சொட்டுகிறது. பழுதா?

இல்லை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் பிறக்கிறது. தை மாதத்தில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழும் நாட்களில் அது குழாய்க்குள்ளேயே குளிர்ந்து சொட்டும், வெள்ளை ஆவியாகவும் தெரியும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேற்றரில் தண்ணீரும் குறைந்தால்தான் ஹெட் கெஸ்கற் பக்கம் பார்க்க வேண்டும்.

கன்வேட்டர் 250, 300 பாகை செல்சியஸ் வந்த பிறகுதான் வேலையே தொடங்கும். வீட்டிலிருந்து கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடும் காரில் அந்தச் சூடு வருவதே இல்லை. தண்ணீர் தேங்கிப் பின்னாலுள்ள சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாவதுதான் மிச்சம். கிழமைக்கு ஒருமுறையாவது அரை மணித்தியாலம் ஓட்டிவிடுங்கள். சூடாக்குகிறேன் என்று மூடிய கராஜுக்குள் ஓடவிட்டு நிற்க வேண்டாம். குளிர்ந்த கன்வேட்டர் காபனோரொட்சைட்டைத் தடுக்காது.

அழுகிய முட்டை நாற்றம் ஏன்?

பெற்றோலில் உள்ள கந்தகம். எஞ்சின் பெற்றோலை அதிகமாக எடுக்கும்போது அது ஐதரசன் சல்பைட்டாக மாறி வெளியே வரும். நீண்ட ஏற்றம் ஏறி நிறுத்தியதும் கொஞ்சம் மணத்தால் கவலைப்பட வேண்டாம். எப்போதும் மணந்தால் மிக்ஸரை, அதாவது பெற்றோலும் காற்றும் கலக்கும் அளவைப் பாருங்கள்.

எதுதான் கன்வேட்டரைக் கொல்கிறது?

அதற்கு முன்னால் இருக்கும் எஞ்சின். கன்வேட்டர் தானாகச் சாவது அபூர்வம்.

முதல் கொலைகாரன் மிஸ்ஸிங். நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாவிட்டால் அதன் பங்குப் பெற்றோல் முழுதும் எரியாமல் வந்து கன்வேட்டருக்குள் எரிகிறது. வழமையாக 400 முதல் 800 பாகைக்குள் நிற்கும் கட்டி ஆயிரத்தைத் தாண்டும். இரவில் குனிந்து பார்த்தால் பெட்டி செக்கச்சிவப்பாகத் தெரியும். மேலும் ஏறினால் தேனடை உருகி ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடைத்த கன்வேட்டர் என்று கழற்றப்படுகிறவற்றில் பல இப்படி வந்தவைதான். ஒரு ப்ளக்கும் ஒரு வயரும் மாற்றச் சோம்பல் பட்டதன் விலை. ஏற்றத்தில் "மூன்றில் ஓடுகிறது, ஊர் போய்ப் பார்க்கலாம்" என்று அப்புத்தளை வரை மிதித்து ஏற்றுவது இதற்கு மிகச் சுலபமான வழி.

இரண்டாவது எண்ணெய். ரிங் தேய்ந்து எண்ணெய் எரியும் காரில் அந்த எண்ணெயிலுள்ள பொஸ்பரசும் நாகமும் பூச்சின்மேல் படியும். மெதுவான சாவு. ரேடியேற்றர் கூலன்ற் உள்ளே கசிந்தாலும் அப்படியே. இன்னொன்று பலருக்குத் தெரியாது: கெஸ்கற்றுக்குப் பதிலாகத் தாராளமாகப் பூசும் சிலிக்கன் பசை. அதன் ஆவி சென்சரைக் கெடுக்கும். கெட்ட சென்சர் தவறான மிக்ஸரைத் தரும். அது கன்வேட்டரைக் கெடுக்கும். சென்சருக்குக் கேடில்லாத பசை என்று குழாயிலேயே அச்சிட்டிருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

தோட்டத்து ரோட்டில் ஓட்டுகிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

கல் பாவிய ரோட்டில் பெட்டி அடிபட்டால் வெளியே சின்னப் பள்ளம்தான் தெரியும், உள்ளே கட்டி நொறுங்கியிருக்கும். குளிர்ந்த பிறகு ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். உள்ளே கலகலவென்றால் உடைந்துவிட்டது. மெல்லிய தகரச் சத்தம் மட்டுமென்றால் வெப்பத் தடுப்புத் தகடு கழன்றிருக்கும். அதை இரைச்சலுக்காகப் பிடுங்கி எறியாமல் ஒரு கிளிப் போட்டு இறுக்குங்கள்.

ஏன் என்றால், ஊவாப் பக்கம் ஆனி முதல் ஆவணி வரை காயும் மானாப்புல். நீண்ட ஏற்றம் ஏறிவந்த காரைப் படம் எடுக்க என்று காய்ந்த புல்லின்மேல் நிறுத்தினால் அடியில் பல நூறு பாகைச் சூட்டில் ஒரு பெட்டி புல்லைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பண்டாரவளை, எல்ல மலைச்சரிவுகளில் அந்த மாதங்களில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். தாரிலோ வெறும் மண்ணிலோ நிறுத்துங்கள்.

குடைந்து எடுத்துவிட்டால் பலம் கூடும் என்கிறார்களே?

அடைத்திருந்ததை எடுத்தால் கூடும், உண்மை. நல்ல கன்வேட்டரை எடுத்தால் சாதாரணப் பழைய எஞ்சினில் கூடுவது உணர முடியாத அளவு. கூடுவது சத்தமும் நாற்றமும்தான். கன்வேட்டருக்குப் பின்னால் இரண்டாவது சென்சர் உள்ள பிந்திய கார்களில் பீ 0420 என்ற பழுது இலக்கத்தோடு எஞ்சின் லைட் எரியும். கூட்டைக் கிரைண்டரால் வெட்டினால் நார்ப்பாயின் தூசு பறக்கும். முகமூடி இல்லாமல் பக்கத்தில் நிற்காதீர்கள்.

"பழையதைத் தாருங்கள், சைலன்சர் இலவசமாகப் போட்டுத் தருகிறோம்" என்கிறார்கள். கொடுக்கலாமா?

அவர்கள் நட்டத்துக்குத் தொழில் செய்யவில்லை. 2021இல் ஒரு அவுன்ஸ் ரோடியத்தின் விலை 25,000 அமெரிக்க டொலரைத் தாண்டியது; பிறகு வெகுவாக இறங்கினாலும் அந்தக் கட்டிக்கு விலை உண்டு. உண்மையிலேயே செத்ததென்றால் இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டுவிட்டு விற்கலாம். வேலை செய்வதை விற்றுவிட்டுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் புதியதை மாட்டினால், அதில் உலோகம் மூலச் சாமானைவிடக் குறைவாக இருப்பதே வழமை. பழுதுபார்க்க விட்ட காரை எடுக்கும்போதும் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

எமிஷன் டெஸ்டுக்கு எப்படிப் போவது?

2008இல் தொடங்கிய திட்டம். வருடாவருடம் ரெவனியூ லைசன்ஸ் எடுக்க இந்தச் சான்றிதழ் வேண்டும். பெற்றோல் காரில் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளக்கிறார்கள். இரண்டுமே கன்வேட்டர் சூடாக இருந்தால் விழுந்துவிடும் இலக்கங்கள். ஆகவே வீட்டிலிருந்து நேரே போகாமல் கால் மணித்தியாலம் ஒரு ஏற்றம் ஏறி இறங்கிவிட்டுப் போங்கள். வரிசை நீண்டால் ஐட்லிங்கில் கன்வேட்டர் குளிர்ந்துவிடும். உங்கள் முறைக்கு முன் ஓரிரண்டு நிமிடம் 2500 சுற்றில் வைத்திருங்கள். எயார் கிளீனரும் ப்ளக்கும் போன வருடத்ததா என்பதை முதல் நாளே பாருங்கள். இவ்வளவும் செய்து விழுந்தால், முதலில் மிக்ஸர், பிறகு சென்சர், கடைசியாகக் கன்வேட்டர்.

92 அடிப்பதா, 95 அடிப்பதா?

கன்வேட்டருக்கு ஒக்டேன் கணக்கில்லை. எஞ்சின் தட்டாமல் ஓடும் எதுவும் சரி. மண்ணெண்ணெய் கலந்தது மட்டும் வேண்டாம். அது சரியாக எரியாமல் வந்து, முன்னே சொன்ன மிஸ்ஸிங்கின் வேலையைச் செய்யும்.

டாங்கியில் ஊற்றும் கிளீனர் போத்தல்?

மேலோட்டமான கரியைக் கொஞ்சம் தணிக்கலாம். உருகியதையும் நொறுங்கியதையும் ஈயம் படிந்ததையும் ஒரு போத்தலும் எழுப்பாது.

என் டீசல் வேனுக்கும் இது உண்டா?

எண்பது, தொண்ணூறுகளின் டீசல் வேன்களில் பொதுவாக இல்லை. டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேலான காற்றோடு ஓடுவதால், புகையில் ஒட்சிசன் மிஞ்சியே இருக்கும். மூன்று நஞ்சையும் ஒன்றாக மாற்றும் மூவழிக் கன்வேட்டரால் அங்கே நைதரசன் ஒட்சைட்டைக் குறைக்க முடியாது. ஏற்றத்தில் கரும்புகை விட்டால் நொசிலும் பம்பும் எயார் கிளீனரும்தான் பார்க்க வேண்டிய இடங்கள்.

அப்பாவின் மொறிஸ் மைனருக்கு ஒன்று வாங்கிப் பொருத்தலாமா?

பொருத்தலாம், பயனில்லை. அதில் சென்சரும் இல்லை, மிக்ஸரைத் திருத்தும் கம்பியூட்டரும் இல்லை. வாங்கி மாட்டியது சில மாதத்தில் கரி பிடித்துவிடும். அந்தக் காசில் காபரேட்டரின் தேய்ந்த ஊசியையும் ஜெட்டையும் மாற்றி, உங்கள் ஊர் உயரத்திலேயே டியூன் பண்ணுங்கள். புகை அதைவிட அதிகமாகக் குறையும்.